மிஸ் சொல்லணும்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் விட்ட நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. பார்க்கிற பக்கமெல்லாம் நான் போட்டிருந்த அதே நீலச் சட்டை. எல்.கே.ஜி. படிக்கும் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவள், தக்காளி பொறுக்க அவள் கையை விட்டேன். திரும்பினால் பிள்ளையைக் காணோம்.

பிள்ளை எங்கே என்று கேட்டேன். "இன்னாமா, கொயந்தயா? இப்பத்தான இங்க நின்னுகினு இருந்துச்சு" என்றார் காய்கறிக் கடைக்கார அம்மா. நின்றுகொண்டிருந்ததாம்! அது எனக்குத் தெரியாதா? ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன. சக்கரத்துக்கு அடியில் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். அடி பாவி மகளே, ஒரு குரல் கொடேன்! வாலாஜாபாத் பஸ் ஒன்று கிளம்பியது. எவனாவது தூக்கிக்கொண்டு ஏறிவிட்டானோ என்று பின்னாலேயே ஓடி, தட்டி நிறுத்தி, சீட்டு சீட்டாகப் பார்த்தேன். அதிலும் இல்லை.

இறங்கி வந்தபோது டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். "யக்கா, தோ பாரு, உன் பொண்ணா?"

காய்கறிக் கடையை ஒட்டிய சந்து. நான் நின்று கத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே. சுவரைப் பார்த்தபடி, வாயில் விரல் வைத்து, ஆடாமல் அசையாமல் நிற்கிறாள். வகுப்பில் தப்புச் செய்தால் அப்படித்தான் நிற்க வைப்பார்கள்.

அள்ளி எடுத்தேன். "அம்மா கத்துனது காதுல வுழலயாடி?"

விழுந்தது என்று தலையை ஆட்டினாள். விரலைப் பிடித்து இழுத்தேன். மறுபடி வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். "வேற ஆன்ட்டி சட்டயப் புடிச்சிகினு போய்ட்டேன். தப்பு. மிஸ் சொன்னாத்தான் எடுக்கணும்."

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி வாய்வரை வந்தது. பிள்ளையின் உதடு விரலுக்கடியில் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. கெஞ்சினேன். "மிஸ், வெரல எடுக்கச் சொல்லுங்க மிஸ்."

அந்தம்மா சிரித்தார். "பாத்தீங்களா, வெளியிலயும் எவ்ளோ டிசிப்ளின்!"

ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையிடம் நீட்டினேன். "குட் கேர்ள். ஃபிங்கர் டவுன்."

விரல் இறங்கியது. அப்புறம்தான் என் மகள், என் இடுப்பில் இருந்தபடியே, என்னைத் தேடுகிறவளாக, "அம்மா!" என்று அலறினாள்.