பூசம் பார்க்க ஒரு மங்கல் விளக்கு

என் நட்சத்திரம் பூசம். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேனே தவிர, வானத்தில் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. விழித்திரை பலவீனமாகிறது, இருட்டில் தெரியும் பார்வைதான் முதலில் போகும் என்று தஞ்சாவூரில் கண் டாக்டர் சொன்னார். திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், அதற்குள் பூசத்தைப் பார்த்துவிட வேண்டும்.

பூசம் மங்கலான நட்சத்திரக் கூட்டம். கண் இருட்டுக்குப் பழகினால்தான் தெரியும். வான வரைபடத்தைப் படிக்கவோ வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சமே பழகிய கண்ணைக் கெடுத்துவிடும். மங்கலான சிவப்பு விளக்குதான் வழி என்று படித்தேன். கடையில் வாங்கிய சிவப்பு டார்ச் கல்யாண வீட்டு சீரியல் செட்டுக்குப் போட்டியாக எரிந்தது. சைக்கிள் பின்விளக்கு ஓயாமல் கண்ணடித்தது. இந்த வயதில் எனக்கு எதற்கு அது? கடைசியில் ஒரு பேனா டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை மடித்துச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். எழுத்து சிரமப்பட்டுத் தெரிந்தது, நிமிர்ந்தால் நட்சத்திரம் அப்படியே இருந்தது. வரைபடத்தில் சிவப்பு மையில் அச்சிட்டவை மட்டும் மாயமாகிவிட்டன. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தெருவிளக்குத் தொந்தரவு இல்லாத இடம் எங்கள் வயலின் மோட்டார் ஷெட். பங்குனி மாதம். இருட்டியதும் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு, டார்ச்சை எரியவிட்டுக் கதவு ஆணியில் மாட்டி உட்கார்ந்தேன். கண் பழகி வரும் நேரம் பார்த்து, வரப்பில் ஒரு வெள்ளை டார்ச் குதித்துக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. பக்கத்து வயல்காரர்.

“லைட்ட அணைங்க!” என்று கத்தினேன்.

“த்ரீ பேஸ் வந்துடுச்சுன்னு ஓடியாந்தேன் டீச்சர். உங்க ஷெட்டுல செவப்பு லைட்டு தெரிஞ்சுதே.”

மோட்டார் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் ஸ்டார்ட்டர் பெட்டியில் எரியும் சிவப்பு விளக்குக்குத் தவம் கிடப்பவர்கள் நாங்கள். அவருடைய கோடை நெல் காய்ந்துகொண்டிருந்தது. சோற்றில் வைத்த கையோடு எழுந்து வந்திருக்கிறார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கண் விஷயத்தைச் சொன்னேன். டார்ச்சை அணைத்துவிட்டார். அன்று மேகமும் வந்து மூடிக்கொண்டது.

மறுநாள் டார்ச்சைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவருடைய மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கரண்ட் வந்தால் அவர் ஷெட்டின் வெள்ளை பல்பு வயல் முழுக்க வெளிச்சத்தைக் கொட்டும். இனி என்னத்தைப் பார்ப்பது என்று எரிச்சலோடு திரும்பினேன். அங்கே ஒரே இருட்டு.

“பல்பக் கழட்டிட்டேன் டீச்சர்” என்று வரப்பிலிருந்து அவர் குரல் வந்தது.

“டார்ச்சு எங்கங்க? பாம்பு திரியற வரப்புல இப்படியா வருவீங்க?”

“கையிலதான் இருக்கு, போடல. நீங்க மேல பாருங்க.”

பார்த்தேன். தலைக்கு மேலே, விபூதி தொட்ட விரலை உதறினாற்போல, பூசம். தண்ணீர் பாய்ச்ச வந்த மனிதர் மடையைக்கூடக் காலால் தடவித்தான் திறந்திருக்கிறார். இவருக்கு நான் என்ன செய்துவிட முடியும்?

“தெரியுதாங்க?”

“பாத்துட்டேங்க. டார்ச்சப் போட்டுக்கிட்டுப் போங்க” என்றேன். அழுகிறேன் என்பது குரலிலேயே தெரிந்திருக்கும்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க” என்று சொல்லிவிட்டு இருட்டிலேயே நடந்தார்.