பெண் பார்க்க வந்த நாளில் என் முகம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க நகரியிலிருந்து எங்கள் திருச்சானூர் வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். பார்க்க வருவது பெண்ணைத்தான்... பெண்ணின் அப்பாவான என்னை இல்லை. இது எனக்குப் புரிந்திருந்தால் இந்த வாரம் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

என் கன்னங்களை உங்களுக்குத் தெரியாது. இந்தப் பத்தியின் மேலே அச்சாகும் போட்டோ ரொம்பப் பழசு, அதுவும் பக்கவாட்டில் எடுத்தது. பதினேழு வயதுப் பருக்கள் போகும்போது குழிகளை விட்டுப் போயின. நாடு வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவைத் திறந்துவிட்டதும் திருப்பதிக் கடைகளில் வந்து குவிந்த கிரீம்களில் நான் பூசாதது ஷூ கிரீம் மட்டும்தான். வயசானால் ஆசை அடங்கும் என்கிறார்கள். அடங்காது — ஆன்லைனுக்கு மாறும்.

அப்படி வந்ததுதான் டெர்மா ரோலர். குட்டி உருளை, சுற்றிலும் பொடிப்பொடி ஊசிகள். முகத்தில் உருட்டினால், குத்துப்பட்ட தோல் தானே புதுசாக வளர்ந்து குழியை மூடுமாம். வீட்டில் உபயோகிக்க அரை மில்லிமீட்டர் ஊசி போதும் என்று போட்டிருந்தது. என் குழிகளுக்கு அது எந்த மூலைக்கு? ஒன்றரை வாங்கினேன். வெள்ளிக்கிழமை பாத்ரூமைத் தாழிட்டுக்கொண்டு நாலு திசையிலும் உழுதேன். மேலே எலுமிச்சைச் சாறு — அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

சனிக்கிழமை காலை முகமெல்லாம் சிவப்புப் புள்ளி, வீக்கம். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கண்ணாடிக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நடுவில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனதுதான் தப்பு. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா பார்த்துவிட்டு, "அம்மவாரு வந்துட்டாங்களே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மை என்று நினைத்துவிட்டார்.

ஞாயிறு காலை, வாசலில் கார் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தால் எங்கள் கேட்டில் வேப்பிலைக் கொத்து. எதிர்வீட்டு அக்கறை!

நானும் மகளும் காரருகே போனோம். பையனின் அம்மா கார் ஜன்னல் வழியாகவே பேசினார்.

"அம்மை கண்ட வூட்ல நல்ல காரியம் பேசக்கூடாதுண்ணே. இன்னொரு நாளு பாக்கலாம்."

பெண் பார்ப்பதில் 'இன்னொரு நாள்' எந்தக் காலண்டரில் இருக்கிறது?

மகளைப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். பையனோடு ரெண்டு மாசம் போனில் பேசி, பிடித்துப்போய், அவளே கேட்ட சம்பந்தம். கண்கள் நிறைந்திருந்தன.

"சொல்லிடு நைனா," என்றாள்.

உள்ளே ஓடி ரோலரை எடுத்து வந்து ஜன்னலில் நீட்டினேன். "அம்மை இல்லீங்க. இத்தால நானே குத்திக்கினேன்."

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்களே... அழகா இருக்கலாம்னு."

அந்த அம்மா ரோலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மகளிடம் திரும்பினார். "நீ இன்னா பண்ணிக்கினேம்மா?"

"மூஞ்சி கழுவுனேன் அத்தே."

கார்க் கதவு திறந்தது. வேப்பிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

கேசரி சாப்பிட்டுக்கொண்டே நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்தார்கள். ஒரே நிபந்தனை — அதுவரை நான் என் முகத்தைத் தொடக்கூடாது.

மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு கட்டுப்பாடு இல்லை.