வத்தல் சாக்கும் அக்காவின் சிறுநீரகமும்

ஷேவ் செய்யும்போது வலது கன்னத்தில் வெட்டுப்பட்டது. ரத்தம் வந்தது, வலி வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வீரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூக்கடைப்புக்கு நான்கு நாள் ஆவி பிடித்தேன். ஐந்தாம் நாள் மூக்கைச் சிந்தியபோது கைக்குட்டை கறுத்தது.

ஏரலில் இருக்கும் அக்கா தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் உடம்பு அதை அந்நியமென்று தாக்காதிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் தின்றுகொண்டிருந்தேன். தூசி, பூசணம் பக்கம் போகாதே, மாஸ்க்கைக் கழற்றாதே என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

தூத்துக்குடியில் எனக்கு மிளகாய் வத்தல் மண்டி. கண்ணால் பார்த்து வத்தல் வாங்குகிறவனை இங்கே வியாபாரி என்று யாரும் மதிப்பதில்லை. சாக்குக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்க்க வேண்டும். கன்னம் வெட்டுப்படுவதற்குச் சில நாள் முன்பு நனைந்த சரக்கு ஒன்று வந்தது.

"அண்ணாச்சி, நீங்க மோந்து சொன்னாத்தான் மத்தவுக நம்புவாவ" என்றார் தரகர்.

மாஸ்க்கை இறக்கினேன். ஒரு மூச்சு. "பூசணம்" என்றேன். தீர்ப்பு சரிதான்.

மூக்குச் சதையைக் கிள்ளிச் சோதித்த டாக்டர், மியூக்கோர்மைகோசிஸ் (ரத்தக்குழாயில் புகுந்து சதையை அழுகவைக்கும் பூஞ்சை நோய்) என்றார்.

"அந்தச் சாக்குலருந்தா சார்?"

"எங்கருந்துன்னு சொல்ல முடியாது. இப்ப அந்த எதிர்ப்புச் சக்தி மாத்திரைகளைக் குறைக்கணும், உடம்பு கிட்னியைத் தாக்கலாம். பூஞ்சைக்குப் போடுற மருந்தும் கிட்னியை அடிக்கும். உயிர் வேணும்னா கிட்னி போனாலும் போகட்டும்னு இருக்கணும்."

கூட வந்திருந்த அக்காவைப் பார்த்தேன்.

"ஏலே, என்னைய எதுக்குப் பாக்க? மிச்சம் ஒண்ணு கெடக்கு, அதையும் கழட்டித் தரட்டா? அந்த நாத்தத்தை மோக்காட்டா செத்தா போயிருவ?" என்றாள். பிறகு டாக்டரிடம், "செய்யுங்க சார்."

வலது கண்ணையும் கன்ன எலும்பையும் மேலண்ணத்தில் பாதியையும் வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு முதன்முதலாகக் குடித்த ரசம் மூக்கு வழியே திரும்பி வந்தது. அதன் மணம் மட்டும் வரவில்லை. ஆறாவது வாரம் சிறுநீர் நின்றது.

மாற்றுச் சிறுநீரகத்தோடு இதை வாசிப்பவர்களே, கன்னம் மரத்துப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆவி பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

இப்போது எனக்குக் கிழமைகள் கிடையாது. டயாலிசிஸ் நாள், டயாலிசிஸ் இல்லாத நாள், அவ்வளவுதான்.

செயலிழந்த சிறுநீரகத்தை, தொந்தரவு தராதவரை, வெளியே எடுப்பதில்லை. போன வாரம் அக்கா என் அடிவயிற்றில், அது இருக்கும் இடத்தில் கை வைத்தாள்.

"செத்துப்போச்சால?"

"ஆமாக்கா."

"எடுக்க மாட்டாவளோ?"

"மாட்டாவ."

கையை எடுத்தாள். தன்னையறியாமல் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.