கூழும் தண்ணீர்க் கணக்கில்தான்

கால்விரல் மெட்டி இறுகியதுதான் முதல் அடையாளம். விளக்கெண்ணெய் தடவி இழுத்தும் கழலவில்லை. "குண்டாயிட்டம்மே நீ" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். மறுநாள் முகம் வீங்கிக் கண்ணே திறக்க முடியாமல் போனதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலைமேல் ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, போளூரில் மாறி, வேலூருக்குப் போனோம். நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரகத்தின் வடிகட்டிகள் அழற்சியால் வீங்குவது) என்றார் டாக்டர். உப்பு ஆகாது. தண்ணீர் நாளுக்கு இரண்டு டம்ளர். வீக்கம் வடியாவிட்டால் டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்ய வேண்டும், அதற்கு எல்லாருக்கும் இடம் கிடைக்காது என்றும் சொன்னார். எனக்குச் சாக மனமே இல்லை.

சொன்னபடி நடந்தேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்ப மாட்டேன். காலையில் மட்டும் எங்கள் மலையில் எல்லாரையும் போலக் கேழ்வரகுக் கூழ், உப்பில்லாமல்.

அடுத்த முறை போனபோது எடை ஏறியிருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தண்ணி நிறைய குடிக்கிறியாம்மா?"

"ஐயோ, சத்தியமா ரெண்டு டம்ளர்தான் சார்!"

"காலைல என்ன சாப்பிடுற?"

"கூழு. ரெண்டு சொம்பு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கூழ்ல முக்கால்வாசி தண்ணிதானம்மா!"

என் வீட்டுக்காரர் விடவில்லை. "அது சாப்பாடு சார். அத எப்டிங்க தண்ணியில சேக்கிறது?"

மலையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். டாக்டரும் அதற்கு மேல் திட்டவில்லை. கூழை விட்டுவிட்டுப் பொலபொலவென்று வடித்த சாமைச் சோறு தின்னச் சொன்னார்.

உப்பில்லாத அந்தச் சோற்றை முதல் நாள் வாயில் வைத்ததும் துப்பினேன். "இன்னாத்துக்கு இத துன்னணும்? செத்தே போறேன் வுடு" என்று தட்டைத் தள்ளினேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்துத் தின்று முகத்தைச் சுளித்தார்.

"த்தூ, நல்லாத்தான் இல்ல. துன்னும்மே. நீ இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

அன்று தின்றேன். அழுதுகொண்டேதான் தின்றேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சவில்லை. கூழில்லாமல் அவருக்குக் கொல்லைக்காட்டில் வேலை ஓடாது. என் கண்ணில் படாமல் தன் அண்ணன் வீட்டில் குடித்துவிட்டுப் போவார்.

உங்களுக்கும் இந்த நோய் என்றால் ஒன்று சொல்கிறேன். கஞ்சி, மோர், ரசம், தொண்டையில் இறங்குகிற எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சில வாரம் கழித்து ஒரு விடியற்காலை வயிறு முட்டி எழுந்து புதர்ப்பக்கம் ஓடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்த ஒண்ணுக்கு அன்று நிற்காமல் போனது. ஓடிவந்து அவரிடம் சொன்னேன். அந்த மனுஷன் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அதன்பின் வீக்கம் வடிந்தது. டயாலிசிஸ் வரை போகவில்லை.

முன்பெல்லாம் கோழி கூவினால் எனக்கு விடிந்துவிடும். இப்போது புதர்ப்பக்கம் போய்வந்தால்தான் விடிகிறது. அதுவரை அவர் வாசலிலேயே நிற்பார். ஊரில் எல்லாரும் "சாப்டியா" என்றுதான் கேட்பார்கள். இவர் மட்டும் "ஒண்ணுக்குப் போச்சாம்மே?" என்பார். போச்சு என்பேன். அப்புறம்தான் அவர் மண்வெட்டியைத் தூக்குவார்.