இணைப்பு இல்லாமலும் திறந்த பக்கங்கள்

என் மனைவி கோமதி இறந்த செய்தி எனக்குப் போனில் வரவில்லை. எங்கள் பிரவுசிங் கடையில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். இன்டர்நெட்டும் அதில்தான் வர வேண்டும். யாராவது நெட்டில் இருந்தால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு என்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய அண்ணன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் மொபெட்டை எடுத்துக்கொண்டு டவுணுக்கே வந்துவிட்டார். வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை, சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"மாப்ள, லைனை கட் பண்ணுங்க" என்றார்.

நான் மோடத்தை அணைத்தேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அன்று காலையில் கோமதிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. "நல்லாத்தான் இருக்காங்க" என்று டாக்டரும் சொன்னார். "போய்க் கடையைத் திறங்க. வந்தவுக பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போவாவ" என்று அவளேதான் என்னை அனுப்பினாள். வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகக்கூடாது என்பது அவளுக்கு முக்கியம். ரத வீதியில் எங்கள் பிரவுசிங் சென்டருக்கு வந்து போன உங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இருவரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான். கல்யாணமான புதிதில் ஜவுளிக்கடை மாடியில் ஒரு அறையைப் பிடித்து, மூன்று கம்ப்யூட்டர்களைப் போட்டு உட்கார்ந்தோம். முதல் வாரமே அவள் வேலையைப் பிரித்துவிட்டாள். "நீங்க மோடம்கிட்ட பேசுங்க. ஆளுககிட்ட நான் பேசுதேன்." அது சரியான ஏற்பாடு. பக்கம் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சர்வர், டிஎன்எஸ் என்று ஆரம்பித்துவிடுவேன். அவள் திரையில் இருக்கும் பொத்தானைக் காட்டி, "மறுக்கா கேளுங்க, குடுக்கும்" என்பாள். அதிலிருந்து எங்கள் கடையில் ரெஃப்ரெஷ் பொத்தானுக்கு 'மறுக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. இன்றைக்கும் கல்லூரிப் பெண்கள், "அண்ணே, மறுக்கா அமுக்கியும் வரல" என்றுதான் என்னிடம் சொல்கிறார்கள்.

கான்வென்ட் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வருவார். எதையும் சந்தேகப்படுகிறவர். ஒருநாள் திரையில் 'குக்கீயை ஏற்கிறீர்களா' என்று ஒரு கட்டம் வந்ததும் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்னத்தையோ வாங்கிக்கிடச் சொல்லுதான் கோமதி. தெரியாத எடத்துல வாங்கலாமா?"

"கோயில் வாசல்ல செருப்பை விட்டா டோக்கன் குடுக்காவல்லா டீச்சர், அது மாதிரிதான். திரும்பி வரும்போது நீங்கதான்னு அடையாளம் தெரியணும்லா."

"வேண்டாம்னு சொன்னா?"

"உள்ள விடுவான். ஒவ்வொரு தடவையும் யாரு எவருன்னு கேப்பான்."

"எங்க மாதா கோயில்ல செருப்பு போட்டுக்கிட்டே உள்ள போலாம்" என்றார் டீச்சர்.

"அப்ப உங்களுக்கு டோக்கனே வேண்டாம், நேரா போங்க" என்றாள் கோமதி. இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே ஜவுளிக்கடையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த ஜவுளிக்கடை முதலாளியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். மகளை மஸ்கட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளின் மெயிலைப் பார்க்கத் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாடியேறி வந்தார். ஒற்றை விரலால் முகவரியை அடிப்பார். பக்கம் வராது. நான் வயரை ஆட்டிப் பார்த்தேன், செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் அதே முகவரி உடனே திறக்கிறது, அவர் அடித்தால் மட்டும் இல்லை. இப்படியே சில நாட்கள் போயின.

"உங்க மிசினுக்கு என்னையப் பிடிக்கல வே" என்றார் அண்ணாச்சி.

கோமதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, முதல்லேருந்து அடிங்க, பாக்கேன்."

அவர் அடித்தார்.

"அந்த ரெண்டு எதுக்கு அண்ணாச்சி?"

"ரெண்டு இல்ல தாயி, பிள்ளையார் சுழி. உ-வை இதுல தேடித் தேடிப் பாத்தேன், இல்ல. ரெண்டுதான் அது சாடையில இருக்கு. சுழி போடாம எப்படி எழுத ஆரம்பிக்கது?"

ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் அவர் இரண்டைப் போட்டிருக்கிறார். அப்படி ஒரு முகவரி உலகத்திலேயே கிடையாது. நான் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பிரவுசரைத் திறந்ததும் வருகிற பக்கத்தில், மேலே நடுவில், மஞ்சள் நிறத்தில் ஒரு 'உ' வரைந்து வைத்திருந்தாள். "சுழி நான் போட்டுட்டேன் அண்ணாச்சி. நீங்க நேரா விசயத்துக்கு வாங்க" என்றாள். அண்ணாச்சி திரையைப் பார்த்து ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவருக்குத் திறக்காத பக்கம் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தபோது, வாசலை ஒட்டி அவள் உட்காரும் கம்ப்யூட்டரில் மட்டும் நான் யாரையும் உட்காரவிடவில்லை. மோடம் இருந்தது அதில்தான். மற்ற இரண்டும் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அதனால் அது ஓடிக்கொண்டே இருக்கும், முன்னால் நாற்காலி காலியாக இருக்கும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். ஒருமுறை பார்த்த பக்கத்தை பிரவுசர் கம்ப்யூட்டருக்குள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். லைனைத் துண்டித்துவிட்டுக் கேட்டாலும், பார்த்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துக் கொடுக்கும். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் நான் மோடத்தை அணைத்துவிட்டு, கோமதி கடைசியாகப் பார்த்த பக்கங்களைத் திறப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் செய்தி. குற்றாலம் பற்றிய ஒரு பக்கம். சீசனுக்குப் போவதாக இருந்தோம். அதில் அருவிப் படம் பாதிதான் இறங்கியிருந்தது. லைன் அறுந்திருக்கும். அவள் பார்த்தது அவ்வளவுதான் என்பதால் நானும் அந்தப் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில் அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மகளுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மருமகன் படம் அனுப்பியிருக்கிறார்.

"போன்ல நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதாவ. போன்ல வேற என்ன சொல்லுவாவ? கண்ணால பாத்தாத்தான் வீட்டுல அவ ஒரு வாய் சாப்பிடுவா போல" என்றார்.

மெயில் திறந்தது, படம் வரவில்லை. மறுக்கா அமுக்கினோம், பாதிப் பக்கத்தில் நின்றது. பக்கத்து மிஷினிலும் அதே கதை. எனக்குக் காரணம் தெரியும். எல்லா மிஷினுக்கும் வருவது கோமதியின் கம்ப்யூட்டரில் இறங்கித்தான் போக வேண்டும், அதில் டிஸ்க் நிறைந்துவிட்டது. சில நாட்களாகவே எச்சரித்துக்கொண்டிருந்தது. அடைத்துக்கொண்டிருந்தவை அந்தப் பிரதிகள்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் மொத்தமாக அழிந்துவிடும், இடம் கிடைக்கும். "இதுல இடம் இல்ல அண்ணாச்சி, அந்தப் பக்கங்களை அழிச்சாத்தான் படம் வரும்" என்றேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"வேற எங்கனயாவது எடுத்து வைக்க முடியாதா?"

"ஃபிளாப்பியில கொள்ளாது அண்ணாச்சி."

"அப்ப அதைத் தொடாதிய. நான் பாளையங்கோட்டைக்குப் போயி பாத்துக்கிடுதேன். அங்கன ஒரு கடை இருக்குல்லா." செருப்பை மாட்டப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. வந்தவர் திரும்பிப் போகிறார். "உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். காலியாக இருந்த நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டேன். அழிக்கவா என்று பிரவுசர் கேட்டது. சரி என்றேன். திரையில் மணல் கடிகாரம் கொஞ்ச நேரம் நின்றது. அவ்வளவுதான். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மோடத்தைப் போட்டு மெயிலைத் திறந்தேன். படம் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கத் தொடங்கியது.

யாருடைய மெயில் திறந்தாலும் கோமதி தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். டவுண் பஸ்ஸை வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருதரம் கேட்டபோது, "அவுக வீட்டுக் கடுதாசியில நமக்கு என்ன சோலி?" என்றாள்.

நான் ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். கீழே பூக்காரி ஒருத்தி பஸ்ஸை நிறுத்திக் கூடையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"முடி நெறைய இருக்கு வே" என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து. கொஞ்சம் பொறுத்து, "கண்ணு முழிச்சிருக்கான்." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

கோமதியின் புடவைகளை அவள் அம்மா எடுத்துக்கொண்டு போனார். அவள் பார்த்த பக்கங்கள் போய்விட்டன. என்னிடம் இருப்பது, கடைக்கு வருகிறவர்களின் கடிதம் திறக்கும்போது முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வது. அதை நான் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் வந்தால் தைரியமாகப் படிக்கலாம்.