தெருவுக்கே கேட்கும் அழைப்பு

“வாங்க, வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்!”

தலையில் தண்ணீர்க் குடமும் முதுகில் பிள்ளையுமாகப் போகிறவளைத்தான் பிராம் ஃபாய் இப்படி உபசரிக்கிறார். “வயிறு நெறைஞ்சிருக்கு, நல்லாருங்க” என்று அவள் வழக்கப்படி நகர்கிறாள். அடுத்த அழைப்பு, நிற்காமல் ஓடும் பஸ்ஸின் டிரைவருக்கு.

ரூஃபிஸ்க் ஊரில் எல்லா வீட்டிலும் மதியச் சோற்றுக்கு இப்படிக் கூப்பிடுவார்கள்தான். ஆனால் கதவை அகலத் திறந்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து உண்ணும் சோற்றுத் தாம்பாளத்தை வாசலுக்கு நேராக வைக்கச் சொல்கிறவர் இந்தத் தையல்காரர் ஒருவரே. ‘கொடுக்கக் கை நீண்ட பிரபு’ என்று தெருவில் பெயர். ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கத்துக்குத் தலைவர் தேர்வு. அதில் நிற்கும் பிராம் அந்தப் பெயரைத்தான் முழுசாக நம்பியிருக்கிறார்.

அந்தக் கை எவ்வளவு நீளம் என்பது மனைவி ஞிலானுக்குத் தெரியும். தெருவைப் பார்த்துச் சிரித்தபடியே மீனின் கன்னச் சதையைத் தன் பக்கத்துச் சோற்றுக்குள் புதைத்துவிடும். சட்டியடியில் முறுகிய சோற்றை அவள் சுரண்டும் சத்தம் கேட்டால், எந்த வேலையில் இருந்தாலும் வந்து நிற்பார். “பல்லு வலிக்குதுன்னு சொன்னியே, உனக்கெதுக்கு இது?”

வெள்ளிக்கிழமை கணக்குத் தப்பியது. எதிர்ப்பக்கம் ஹமாத் கான் வாயில் பல்குச்சியோடு போனார். சங்கத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. குச்சி வாயில் இருந்தால் சாப்பிட்டு முடித்தவர் என்று பிராம் முடிவு கட்டினார். அந்த மனிதர் தூங்கும்போதுதான் குச்சியை எடுப்பார் என்பது நினைவில்லை.

“மச்சான்! வாய்யா, ஒரு கை சாப்பிடு!”

ஹமாத் குச்சியைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே வந்து கை கழுவினார்.

பிராம் செரேர் இனத்தவர், ஹமாத் டுகுலோர் இனத்தவர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை உண்டு. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது.

“செரேர்க்காரன் வீட்டுச் சோறா! கனவுல கூடப் பாத்ததில்லடா. எங்கே, மீனு ஓடிப்போச்சா?”

“உங்க ஆளுங்க வர்றாங்கன்னாலே எங்க வீட்டு மீனு ஒளிஞ்சுக்கும்ல!” தெருவுக்குக் கேட்கும்படி பிராம் சிரித்தார். வாசலில் நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

தாம்பாளத்தின் நடுவில் வைக்கும் மீனைப் பிய்த்து ஆளாளுக்குத் தள்ளிவிடுவது வீட்டுக்காரி வேலை. ஞிலான் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கன்னச் சதை எங்கே புதைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

“இன்னிக்கு நீங்களே எடுத்து வைங்க. உங்க கை ராசியான கையாச்சே.”

“அதானே, வைய்யி தலைவரே!” என்றார் ஹமாத்.

பிராமின் சிரிப்பு அப்படியே இருந்தது. தன் பக்கத்துச் சோற்றைக் கிளறி, புதைத்திருந்த கன்னத் துண்டை வெளியே எடுத்தார். விருந்தாளி பக்கமாக அதை மெல்லத் தள்ளினார். ஹமாத்தின் விரல்கள் வந்து துண்டைப் பற்றின. பிராமின் கட்டைவிரல் மட்டும் அதன் மேலிருந்து எழவில்லை.