நாலு சுற்று

சாவிக்காரருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார். கல்யாண வீட்டிலும் கை கழுவும் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பார். தரைக்கடியில் கிடக்கும் வால்வுகளைத் திருகும் நீளமான இரும்புச் சாவி எந்நேரமும் தோளில் கிடந்ததால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் குடிநீர்ச் சங்கம் என்றால் ஓர் ஆழ்துளைக் கிணறு, இருமிக்கொண்டே ஓடும் ஒரு மோட்டார், நாற்பத்திரண்டு வீடு, அப்புறம் இவர். மோட்டார் போடுவதும் இவர், குழாய் ஒட்டுவதும் இவர், தண்ணீர் வராத வீட்டில் திட்டு வாங்குவதும் இவரேதான். பக்கத்து ஊர்க்காரர்கள், "நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணினோம்?" என்று வந்து நின்றார்கள். இரண்டாவது கிணறு வந்தது. அடுத்த ஊரும் அதே கேள்வியோடு வந்தது. இப்போது ஒன்பது ஊர், மூன்று தொட்டி, மூன்று அறையுள்ள அலுவலகம், ஓர் இன்ஜினியரம்மா. பழைய மோட்டார் அறையில் உடைந்த மீட்டர்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு வளர்ந்தும் மேட்டுத் தெருவுக்கு மட்டும் விடியவில்லை. சாவிக்காரரின் ஒரே தங்கை வாழ்க்கைப்பட்ட தெரு அது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் கமிட்டியில் சண்டை போட்டு அங்கே குழாய் போட வைத்தவர் இவர்தான். குழாய் ஏறிவிட்டது, தண்ணீர் ஏறவில்லை. நூல் மாதிரி கொஞ்சம் வரும், பிறகு காற்றுதான் ஊதும்.

"குழாய் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு விசிலைக் கொண்டு வந்திருக்கியேண்ணா!" என்று தங்கை முதல் வருடம் சிரித்தாள். பள்ளத் தெருக் குழாயடியிலிருந்து அறுபத்தெட்டுப் படி. ஒரு மழைநாளில் குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இவரும் கேட்பவர்களிடமெல்லாம், "மேடுங்க, அழுத்தம் பத்தல, என்ன பண்றது?" என்று சொல்லிச் சொல்லி அதைத் தானே நம்பிவிட்டார்.

இந்த மாதம் அலுவலகத்தில் முடிவே எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மேட்டுத் தெரு இணைப்பைத் துண்டிப்பது, வாரம் இரண்டு முறை லாரி அனுப்புவது. துண்டிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இன்ஜினியரம்மா அழுத்தமானியோடு தெருத்தெருவாக நடந்தாள். இவரும் சாவியோடு பின்னாலேயே போனார்.

"அண்ணே, பள்ளத் தெரு முனைக்கு இந்தப் பக்கம் அழுத்தம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம் பாதிகூட இல்ல. நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. நேர் குழாய்தான்."

"வரைபடத்திலயும் ஒண்ணுமில்ல. சரி, பழைய குழாய், உள்ளே உப்புப் படிஞ்சிருக்கும்."

அவள் போய்விட்டாள். இவருக்குக் கால் நகரவில்லை. ஒன்றுமில்லை என்று சொன்ன வாய்க்கும் நெஞ்சுக்கும் எங்கோ இடித்தது. தார் ரோட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். நாலு தடவை மோட்டார் அறை வரைக்கும் போய்த் திரும்பினார். ஐந்தாவது தடவை உள்ளே நுழைந்து மீட்டர்க் குவியலை ஒதுக்கி, கதவைச் சாத்தி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் வால்வுக் கணக்கெல்லாம் அங்கேதான். எந்த வால்வு எத்தனை சுற்று என்று பெயிண்டால் எழுதி வைப்பார்.

அவருடைய கோணல் கையெழுத்து மங்காமல் இருந்தது. 'பள்ளத் தெரு முனை. மொத்தம் 16. திறந்தது 4. பிறகு முழுசாத் திறக்கணும்.'

மூன்றாவது வருடம், நாற்பத்திரண்டு வீட்டுத் தண்ணீரையும் பள்ளத் தெருவே குடித்துவிடுகிறதென்று இவரே பொருத்திய வால்வு! அதை நாலே சுற்றுத் திறந்து விட்டிருந்தார். அடுத்த மாதமே அதன் மூடிமேல் தார் ரோடு போட்டார்கள். ரோட்டோடு வால்வும் மனசை விட்டுப் போனது. பன்னிரண்டு வருடம் கழித்து, அதற்கு அந்தப் பக்கம்தான் மேட்டுத் தெருக் குழாயைச் சேர்த்தார். ஒன்பது ஊருக்கு வழிவிட்ட மனுஷன், தங்கை வீட்டு வழியைத் தானே மூடி வைத்துவிட்டு மேட்டின்மேல் பழி போட்டிருக்கிறார்.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வராமலில்லை. ஆனால் திங்கட்கிழமை வருகிறதே! அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் இன்ஜினியரம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னார். அவள் திட்டவில்லை. "முதல்ல தோண்டுவோம்ணே" என்றாள்.

மறுநாள் காலை ரோட்டை உடைத்தார்கள். வால்வு துருவேறி அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மொத்த உடம்பையும் சாவிமேல் சாய்த்துத் திருகினார். ஐந்து. ஆறு. பதினொன்றில் குழாய் முனகியது. பதினாறில் சாவியைப் போட்டுவிட்டுப் படியேறினார்.

தங்கை வீட்டு வாசலில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. நிரம்பி வழிந்த வாளியைப் பார்த்தபடி அவள் நின்றாள்.

"மேடு காரணமில்லம்மா. நான்தான். வால்வை மூடி வச்சு மறந்துட்டேன்."

அவள் குனிந்து குழாயை இறுக்கி மூடினாள். முறிந்து கூடிய மணிக்கட்டு கோணலாகத் திரும்பியது. உள்ளே போய்க் காலிக்குடம் ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"கீழ்க் குழாயடியில போய் இதை ரொப்பித் தூக்கிட்டு வா. அப்புறம் பேசலாம்."

சாவிக்காரர் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். நிரப்பித் தோளில் ஏற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். வாழ்நாளெல்லாம் சுற்று எண்ணிய மனுஷன், அன்றைக்குப் படி எண்ணினார். நாற்பதாவது படியில் முழங்கால் மடங்கியது. நிமிர்ந்து பார்த்தார். மேலே தங்கை நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வந்து வாங்கிக்கொள்ளவில்லை, உள்ளே போகவுமில்லை. இன்னும் இருபத்தெட்டு இருந்தது.